வேல்விழி பெயரில் ஒரு பிக்கப்

நாமக்கல்
3.7.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

பாலகுரு எழுதுவது. நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? போனில் பேசினால் எல்லாம் பதிவாகும், வழக்கு முடிகிற வரைக்கும் பேசவே கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணமான புதிதில்கூட உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலையில் இங்கே ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து. அதோடு என் வேலை முடிந்தது. வெடி கம்பெனியில் போர்மேன் என்று பேர் எடுத்ததிலிருந்து பகலில் உட்கார்ந்தே அறியாதவன், என்ன செய்வதென்று தெரியாமல் ஊரைச் சுற்றினேன். நல்லவேளையாகச் சுடலை அண்ணன் கிடைத்தார். கோவில்பட்டிக்காரர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நம் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊருலே நீ, சாப்பிட்டியா?" என்று இழுத்து உட்கார வைத்துவிட்டார். பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறேன்.

வேல்விழி, கலவை அறை வெடித்து இரண்டு பேர் போனதையே நினைத்துக்கொண்டிருக்காதே. சங்கையா உனக்குச் சித்தி மகன் என்றால் எனக்கு மச்சினன். பாலம்மாள் அக்கா கையால் நான் எத்தனை நாள் கஞ்சி குடித்திருக்கிறேன். கலந்த வெடிமருந்தில் மிச்சத்தைக் கொட்டாமல் ராத்திரி மூடி வைக்கச் சொன்னது முதலாளி. நானாகத்தான் வைத்தேன் என்று விசாரணையில் நான் சொன்னால் அவருடைய லைசென்ஸ் பிழைக்கும், கம்பெனி திறக்கும். எனக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஜெயில். அதற்கு ஈடாக ஒரு பிக்கப் வண்டி, பழையதுதான். வெளியே வந்த பிறகு நான் மருந்து வாசலை மிதிக்க வேண்டாம். இது முதலாளி என் தோளில் கை வைத்துச் சொன்னது.

அதனால் எந்த வண்டி என்று இப்போதே பார்க்க வேண்டும். சின்ன யானை வேண்டாம், அது காய்கறிக்கு. மொட்டை மூக்கு வண்டி சந்துக்குள் திரும்பும், விலையும் குறைவு. ஆனால் எதிரே எவனாவது மோதினால் முதலில் நம் முழங்கால்தான். நீளமூக்கு வண்டிதான் உழைப்புக்கு. உன் யோசனையை எழுது.

அன்புடன்,
பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
10.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேல்விழி எழுதிக்கொண்டது. கடிதம் கிடைத்தது. என்னைப் பற்றி ஒரு வரி, பாப்பாவைப் பற்றி அரை வரி, வண்டியைப் பற்றி அரைப் பக்கம். அங்கே போய் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். சுடலை அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று எழுதவில்லையே?

இங்கே எல்லாக் கம்பெனியும் ஆய்வுக்குப் பயந்து பாதி ஆளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறேன். சங்கையா பெண்சாதி ரோஜா, பதினாறாம் நாள் முடிந்ததிலிருந்து நிவாரணத்துக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். பாலம்மாள் மகள் சண்முகத்தாயும் கூடவே போகிறாள். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறார்கள். அழுகிறதும் சேர்ந்தேதான்.

நீங்கள் ஜெயிலுக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளி அன்று சாயங்காலம் ஸ்டோர் வாசலில் சொன்னதை நானும்தான் கேட்டேன். "ஏலே பாலகுரு, மிச்ச மருந்தக் கொட்டாதலே. மூடி வையி, காலையில மொத லோடுக்கு ஆகும்." நீங்கள் சொன்னதையும் கேட்டேன். "ராத்தங்குன மருந்து ஆகாது அண்ணாச்சி, வேண்டாம்." வேண்டாம் என்று சொன்னவர்தான் மூடியும் வைத்தீர்கள். காலையில் மூடியைத் திறந்தவன் என் தம்பி. ஆனாலும் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருக்கிறேன். கம்பெனி திறக்காவிட்டால் தெருவே பட்டினி. வைத்த பங்கு உங்களுக்கும் உண்டு. அதனால் சரி என்கிறேன்.

வண்டி என்றால் டபுள் கேபின் வாங்குங்கள். பின்னால் இன்னொரு வரிசை சீட்டும் கதவும் இருக்குமே, அதுதான். எத்தனை வருஷமாக லோடு வண்டியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வேலைக்குப் போகிறோம். மழை பெய்தால் தார்ப்பாயை நாங்களே தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் வண்டியிலாவது பெண்பிள்ளைகள் கதவைத் திறந்து ஏறி உட்காரட்டும்.

இப்படிக்கு,
வேல்விழி


நாமக்கல்
17.7.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

சுடலை அண்ணன் வீட்டில் நேற்று கருவாட்டுக் குழம்பு. போதுமா?

டபுள் கேபின் கேட்கிறாய். பார்க்க அழகுதான். ஆனால் சீட்டுக்கு இடம் கொடுத்தால் பின்னால் தொட்டி பாதியாகிவிடும். சிங்கிள் கேபினில் ஆளே காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். லோடு ஏற்றினால்தானே வாடகை? கல்யாணத்துக்குப் போக வண்டி வாங்குகிறோமா?

நான் லோடு மட்டும் நினைக்கவில்லை. இழுவைதான் என் யோசனை. நம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் காங்கிரீட் கலக்கும் மெஷினை எப்படிக் கொண்டுவருகிறார்கள்? டிராக்டர் இழுத்துக்கொண்டு மாட்டு நடையில் வரும். பிக்கப் பின்னால் கொக்கி போட்டு நாம் இழுத்தால் காலையில் சாத்தூர், மத்தியானம் இருக்கன்குடி, சாயங்காலம் வெம்பக்கோட்டை என்று மூன்று இடம் போகலாம். கோடையில் தண்ணீர் டேங்க் இழுக்கலாம். நம் ஊரில் தண்ணீர் விற்காத மாதம் எது?

ஆனால் எல்லா வண்டியும் இழுக்காது. அண்ணன் தரையில் சாக்பீஸால் படம் போட்டே காட்டினார். "பின்னால கனம் அமுக்குனா முன்சக்கரம் தரையில ஒட்டாது பாத்துக்க. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி சுத்தும், வண்டி உன் பேச்சக் கேக்காது." கொக்கியை பம்பரில் வெல்டு வைக்கவே கூடாது, அடிச்சட்டமான சேஸில் குறுக்குச் சட்டம் போட்டு அதில்தான் மாட்ட வேண்டும். பாரம் தாங்குகிற ஸ்பிரிங் அடிப்பட்டை கனமாக இருக்க வேண்டும். இழுவை வண்டிக்கு முதலில் போவது கிளட்ச், அடுத்தது பிரேக். மொட்டை மூக்கு மேடு ஏறும்போது திணறுகிறதாம். நீளமூக்கு ஏறிவிடும், டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

முதலாளி பழைய வண்டி ஒன்று காட்டுவார். மேனேஜர் சங்கரலிங்கம் வந்து கூப்பிட்டால் போய்ப் பார். பெயின்டைப் பார்த்து மயங்காதே. அடியில் படுத்துப் பார்.

அன்புடன்,
பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
25.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சங்கரலிங்கம் சார் வந்தார். கம்பெனி ஷெட்டில் ஒரு நீளமூக்கு வண்டி நின்றது. வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். நீங்கள் சொன்னபடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். அவர் பதறிவிட்டார். "என்ன தாயி, பொம்பளப்பிள்ள, எந்திரிங்க, யாராவது பாத்தா என்ன நெனப்பாக?" என்றார். பொம்பளை படுத்துப் பார்த்தாலும் துரு துருதானே? மருந்து டிரம் ஏற்றிய வண்டி. வெடியுப்புச் சிந்திச் சிந்திச் சேஸ் அப்பளம் மாதிரி பொரிந்திருக்கிறது. விரலால் அமுக்கினேன், உதிர்ந்தது. இரண்டு இடத்தில் ஒட்டு வைத்து மேலே பெயின்ட்.

"இந்த வண்டி மெஷின் இழுக்காது சார். இழுத்தா மெஷின் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலாளியிடம் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

சொல்லப்போனால் வீட்டுக்கு வரும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தம்பி செத்து இரண்டு மாதம் ஆகவில்லை, அவன் செத்த கம்பெனி வாசலில் வண்டிக்கு நல்லது கெட்டது பேசுகிறேன். ரோஜா எதிரே வந்தாள். முதுகெல்லாம் மண்ணாக இருக்கிறதே மதினி என்று தட்டிவிட்டாள். என்ன மண் என்று சொல்ல முடியவில்லை. பொய் சொன்னேன்.

பாப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
வேல்விழி


நாமக்கல்
2.8.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

நீ அடியில் படுத்த கதையைப் பட்டறையில் வாசித்துக் காட்டினேன். அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "உன் பெண்சாதிய இங்கன அனுப்பு, நான் ஓய்வெடுத்துக்கிடுதேன்" என்கிறார்.

இப்போது சந்தோஷமான செய்தி. வக்கீலும் முதலாளியும் காரிலேயே இங்கே வந்தார்கள். பழைய வண்டி இல்லை வேல்விழி, புது வண்டி! ஷோரூமிலிருந்து நேராக. நீ கேட்ட டபுள் கேபின், நாலு கதவு, உள்ளே ஏசி. முதலாளி வாயாலேயே சொன்னார். நான் விடுவேனா? தொட்டி சின்னதுதான், போகட்டும், இழுவை நன்றாக இருக்கிறது. கொக்கிக்குக் குறுக்குச் சட்டத்தை அண்ணனே இங்கே செய்து தருகிறார். சட்டத்துக்குப் பட்டை வாங்க நேற்றே அவரோடு கடைக்குப் போனேன். அடிப்பட்டையில் கூட ஒரு இலை சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். தினசரி ஓட்டத்துக்குக் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், குதிக்கும். இழுக்கும்போது கும்மென்று நிற்கும்.

வாக்குமூலத்தில் வக்கீல் ஒரு சின்ன மாற்றம் சொல்கிறார். நானாக வைத்தேன் என்றால் எனக்கும் ஜெயில், போர்மேன் செய்தால் கம்பெனி செய்த மாதிரி என்று லைசென்ஸும் போகுமாம். அதனால் நான் கொட்டத்தான் சொன்னேன், சங்கையாதான் காலையில் வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் மூடி வைத்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் யாருக்கும் ஜெயில் இல்லை. நானும் தீபாவளிக்கு வீட்டில் இருப்பேன்.

வண்டிக்கு என்ன நிறம் வேண்டும்? வெள்ளை என்றால் வெயில் இழுக்காது. உடனே எழுது.

அன்புடன்,
பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
6.8.2025

மாமா,

நிறமா கேட்கிறீர்கள்?

அந்தப் பாராவை எத்தனை தடவை படித்தேனோ தெரியவில்லை. சின்ன மாற்றம் என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறதே. சங்கையா உங்களை அண்ணன் என்று கூப்பிடவில்லை, அத்தான் என்று கூப்பிட்டான். நீங்கள் மூடு என்றால் மூடுவான், திற என்றால் திறப்பான். அத்தான் வைத்ததுதானே என்று நம்பித்தானே அன்று திறந்தான்?

அவன் வைத்தான் என்று நீங்கள் சொல்லிவிட்டால் பாலம்மாள் அக்காவைக் கொன்றது யார்? சங்கையா. சண்முகத்தாய் எதிர்வீட்டு ரோஜாவை என்ன சொல்வாள்? உன் புருஷன் அவசரத்துக்கு என் தாயை எரித்துவிட்டானே என்பாளா மாட்டாளா? இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துதான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறார்கள். ரோஜாவின் நிவாரணமும் அதோடு நின்றுவிடும், தப்பு அவன் பேரில்தானே.

நீங்கள் ஜெயிலுக்குப் போங்கள். நான் தீப்பெட்டி ஒட்டிப் பாப்பாவைப் படிக்க வைக்கிறேன். வாரம் தவறாமல் மனுப் போட்டு வந்து பார்க்கிறேன். துருப்பிடித்த வண்டிகூட வேண்டாம். எனக்கு நின்றுகொண்டு போய்ப் பழக்கம்தான்.

அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன் என்று எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வேல்விழி


நாமக்கல்
13.8.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி மாற்றினால் எனக்குத்தான் இரட்டைக் கேஸ்.

நிதானமாக யோசித்துப் பார். செத்தவனை ஜெயிலில் போட முடியுமா? அவனுக்கு இனி என்ன கெட்டுவிடப்போகிறது? இருக்கிறவன் பிழைக்க வேண்டாமா? சங்கையா உயிரோடு இருந்தால் அவனே, "எம்மேல போட்டுட்டு நீங்க தப்பிச்சுக்கோங்க அத்தான்" என்றுதான் சொல்லியிருப்பான். ரோஜாவை நாம் விட்டுவிடுவோமா? வண்டி ஓட ஆரம்பித்ததும் மாதாமாதம் ஏதாவது கொடுப்போம். நல்லது கெட்டதுக்கு நம் வண்டியிலேயே ஏறிப் போகட்டும்.

வண்டி உன் பெயரில் பதிவாகிறது. என் பெயரில் இருந்தால் வம்பாம். உன் ஆதாரை வாங்க வக்கீல் குமாஸ்தா வருவார், கொடுத்துவிடு. சோணைமுத்துதான் ஓட்டி வருவான். கம்பெனிக்கு ஆள் ஏற்றி ஏற்றி அவனுக்குத்தான் கை பழகியிருக்கிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எதையும் இழுக்கக் கூடாது, இரண்டாவது கியரில் முக்கக் கூடாது என்று அவனிடம் சொல். எலுமிச்சம்பழம் நசுக்கும்போது நாலு சக்கரத்துக்கும் வை. இருக்கன்குடி கோயிலுக்கு முதலில் கொண்டுபோ.

அன்புடன்,
பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
4.9.2025

மாமா,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் வேறு யார் வாயிலும் கேட்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

குமாஸ்தா வந்தபோது ஆதாரைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டேன். வண்டி என் பெயரில் வந்தால் அதை என்ன செய்வது என்பதும் என் இஷ்டம்தானே என்று தோன்றியது.

உங்கள் வாக்குமூலம் ஊருக்குள் வந்துவிட்டது. யார் சொன்னார்களோ தெரியாது. சண்முகத்தாய் ரோஜா வாசலில் மண்ணை வாரி இறைத்தாள். "எங்காத்தாவ தின்ன குடும்பம் வெளங்குமா" என்று தெருவே கேட்கக் கத்தினாள். ரோஜா கதவைச் சாத்தவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, "அவுக அப்படிச் செய்ய மாட்டாக சம்முவம், செய்ய மாட்டாக" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சின்ன மகன் மண்ணைத் துடைத்துவிட்டான். இதையெல்லாம் நான் என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் வண்டி வந்தது. வெள்ளைதான். நாலு கதவு. சோணைமுத்து தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தான். ஒரு சனம் வெளியே வரவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கவில்லை.

நேற்று சாத்தூரில் விசாரணை. கலவை அறைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்ல விரும்பினால் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் முதலில் ரோஜா வீட்டுக்குப் போனேன், அப்புறம் சண்முகத்தாய் வீட்டுக்கு. ஸ்டோர் வாசலில் நான் கேட்டதை இரண்டு பேரிடமும் சொன்னேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சண்முகத்தாய் கேட்டாள். வண்டிக்கு ஆசைப்பட்டேன் என்றேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள், ரோஜாவும் வந்தாள்.

கம்பெனியில் வெடிக்கட்டு கட்டுகிற பிள்ளைகள் நாலு பேரும் வந்தார்கள். அவர்களும் கேட்டவர்கள்தான். எல்லோரும் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தோம். இடம் போதவில்லை, மடியில் மடியாக உட்கார்ந்தோம். நீங்கள் சேர்த்த பட்டை விறைப்பாகத்தான் இருக்கிறது. பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. சோணைமுத்து, "எங்க போறோம்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா எம் பொழப்பு போச்சு" என்று முனகிக்கொண்டே ஓட்டினான். ஆனாலும் ஓட்டினான்.

நான் கேட்டதைச் சொன்னேன். முதலாளி வைக்கச் சொன்னார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அப்புறம் நீங்களே மூடி வைத்தீர்கள். சங்கையா அப்போது வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். உங்கள் புருஷன் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறாரே அம்மா என்று அதிகாரி கேட்டார். அது பொய் என்றேன். ஏன் பொய் சொல்ல வேண்டும் என்றார். ஜன்னலைக் காட்டினேன். கீழே வண்டி நின்றது. யார் வாங்கிக் கொடுத்தது, எதற்கு என்று எல்லாம் சொல்லிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டேன். அவர்கள் வண்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

உங்களைக் கட்டிக்கொண்டவள் உங்களுக்கு எதிராகச் சொன்னேன். ஆனால் இதைச் சொல்லாமல் ரோஜா முகத்தை இனிமேல் என்னால் பார்க்க முடியாது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அடுத்த தடவை கையெழுத்துப் போடப் போகும்போது, நான் முதலில் எழுதிக் கொடுத்தது பொய் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எத்தனை வருஷம் போட்டாலும் போடட்டும். நான் காத்திருக்கிறேன். பாப்பாவிடம், உன் அப்பா உண்மையைச் சொன்னவர் என்று சொல்வேன். சொல்ல மாட்டீர்கள் என்றால் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். சொல்வீர்களா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

வேல்விழி


நாமக்கல்
9.9.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ செய்தது செய்துவிட்டாய், இப்போது பேசி என்ன? வக்கீல் என் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறார். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வண்டியை அங்கே எங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? வெயிலிலா, மரத்தடியிலா? வெயில் என்றால் டயர் வெடிப்பு விடும், டேஷ்போர்டு வெளுத்துவிடும். வேப்பமரம் என்றாலும் காக்கை எச்சம் பெயின்டைத் தின்றுவிடும், ஒரு தார்ப்பாய் போடச் சொல். அதிக நாள் நிற்கும் என்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டே விட்டால் ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். சோணைமுத்துவை அனுப்பி அங்கே இருக்கிறவர்களிடம் பக்குவமாகச் சொல்லச் சொல். பதிவு உன் பெயரில் இருப்பதால் திரும்பக் கேட்டு மனுக் கொடுக்க வழி இருக்கிறதாம், விசாரித்து எழுதுகிறேன். கொக்கிச் சட்டம் இங்கே தயாராகிவிட்டது. அண்ணன் இரண்டு கோட் பெயின்ட் அடித்துக் காய வைத்திருக்கிறார்.

பாப்பாவை நன்றாகப் படிக்கச் சொல். ரோஜாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாலகுரு